நூற்பதிவும் படிப்பதிவும்

(சுருத பஞ்சமி விழா உரை)



வளையாபதி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அது சமணக் காப்பியம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் இன்று கைக்குக் கிடைப்பவை புறத்திரட்டும் உரையாசிரியர்களும் எடுத்தாண்டதால் பிழைத்த எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள்தாம். உ.வே. சாமிநாதையர் ஒரு காலத்தில் வளையாபதி ஏட்டைத் தாம் கண்டதாகவும், பின்னாளில் தேடியபோது அது அகப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நூலின் பெயர் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த ஏடு எந்தக் கட்டில் இருந்தது, பின்னர் யார் கைக்குப் போனது என்று சொல்லும் ஒரு வரிக் குறிப்பு கிடைக்கவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் காப்பியம் ஒன்று முழுமையாகக் கிடைத்திருக்கவும் கூடும்.

அந்த ஒரு வரிக்கு நூலகவியலில் தனிப் பெயர் உண்டு. நூலகம் ஒவ்வொன்றும் இரண்டு வகைப் பதிவுகளை வைத்திருக்கிறது. முதலாவது நூற்பதிவு. நூலின் பெயர், ஆசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், ஆண்டு, பொருள் ஆகியவை அதில் இருக்கும். இரண்டாவது படிப்பதிவு. அந்நூலின் இந்தப் படி எந்த வரவு எண்ணைப் பெற்றது, எந்த அலமாரியில் உள்ளது, விலைக்கு வந்ததா கொடையாக வந்ததா, ஏடு முழுமையா குறையா, இப்போது யார் கையில் இருக்கிறது என்பனவற்றை அது சொல்லும். நூற்பதிவு அறிவைப் பற்றியது. படிப்பதிவு பொருளைப் பற்றியது. வாசகனுக்கு இரண்டும் சேர்ந்துதான் பயன்படும்.

இதற்குச் சமண வரலாற்றிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துத் தானம் செய்தார். அதனால்தான் 'தான சிந்தாமணி' என்று போற்றப்படுகிறார். நூலகக் கணக்கில் இது ஒரு நூற்பதிவு, ஆயிரம் படிப்பதிவு. நூல் ஒன்றே என்பதால் ஒரு வரி போதும் என்று எழுதினால் அம்மையாரின் தானம் முழுவதும் மறைந்துபோகும். ஆயிரத்தையும் தனித்தனி நூல்களாக எழுதினால் பொன்னன் ஆயிரம் புராணம் பாடியவன் ஆகிவிடுவான்! பொன் ஒன்றே, குடமும் முடியும் வேறு வேறு என்று திரவியத்தையும் பரியாயத்தையும் விளக்கும் பழைய உவமை இவ்விடத்தில் நினைவுக்கு வரலாம். உவமை முற்றப் பொருந்தாது. குடத்தை உருக்கி முடி செய்யலாம், ஓர் ஏட்டை உருக்கி இன்னோர் ஏடு செய்ய முடியாது.

இவ்விரு பதிவுகளும் பிரிந்து கிடப்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். பழைய நூலகத்தில் அட்டைப் பட்டியல் இழுப்பறைகளில் வாசகர் பக்கம் இருக்கும். வரவுப் பதிவேடு நூலகரின் மேசையில் இருக்கும். அட்டையின் மூலையில் எழுதிய வரவு எண்தான் இரண்டையும் இணைக்கும் கயிறு. தமிழ்ச் சமண நூல்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. புலவர்கள் தொகுத்த நூல்வரிசையில் நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் இருக்கும்; ஏடு எங்கே என்பது இராது. ஆலயத்தின் பொருட்பட்டியலில் 'ஏட்டுக்கட்டு இத்தனை' என்று விளக்குக்கும் மணிக்கும் இடையில் ஒரு வரி இருக்கும். அக்கட்டுகளில் என்ன நூல் என்பது இராது. முதற்பட்டியலுக்குக் கண் உண்டு, கால் இல்லை. இரண்டாவதற்குக் கால் உண்டு, கண் இல்லை.

இப்போது பல இடங்களில் இளைஞர்கள் இவ்விரண்டையும் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒருவர் நூற்பெயர்க் கோப்பு செய்கிறார். மற்றொருவர் இல்லந்தோறும் சென்று படிகளின் கோப்பு செய்கிறார். இரண்டையும் ஒன்றாக்க ஒரு சிறு நிரல் எழுதினால் போதும் என்பது அவர்களின் எண்ணம். எண்ணம் சரியே. ஆனால் எதைக் கொண்டு இணைப்பது என்பதில்தான் வெற்றியும் இழப்பும் இருக்கின்றன. பெயரைக் கொண்டு இணைத்தால் படிகள் தொலையும். எண்ணைக் கொண்டு இணைத்தால் நிலைக்கும். ஏன் என்பதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் பார்த்தாலே போதும்.

திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் திருக்கோயிலை அறியாத தமிழ்ச் சமணர் இரார். அவ்வூரைத் திருநறுங்குன்றம் என்பாரும் உண்டு. திருநறுங்குணம் என்பாரும் உண்டு. மூன்று பெயருக்கும் ஊர் ஒன்றே. இனி மாவட்டத்தைப் பார்க்கலாம். 1993 செப்டம்பர் வரை அவ்வூர் தென்னார்க்காடு மாவட்டம். அதன்பின் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் ஓர் அடியும் நகரவில்லை. முகவரி இரண்டு முறை மாறியது. 1990இல் எழுதிய ஏட்டுக் குறிப்பையும் 2005இல் எழுதியதையும் 2021இல் எழுதியதையும் நிரலிடம் கொடுத்து, 'ஊரும் மாவட்டமும் ஒத்தால் ஒன்றாக்கு' என்று சொன்னால், ஒரே கட்டு மூன்று இடங்களில் இருப்பதாக அது சாதிக்கும்.

மேற்கே கல்வராயன் மலையிலும் இதே கதை. கல்வராயன் என்றும் கல்ராயன் என்றும் எழுதுகிறார்கள். சின்னக் கல்வராயன் வடக்கே, பெரிய கல்வராயன் தெற்கே. ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கும். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி கள்ளக்குறிச்சியில் அடங்கும். 'கல்வராயன் மலை' என்று மட்டும் எழுதிய படிப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கருமந்துறைக்குப் போவதா, வெள்ளிமலைக்குப் போவதா?

இது வெறும் எழுத்துவேலை அன்று. ஓர் எடுத்துக்காட்டாக, வெள்ளிமலையில் படிக்கும் மலையாளிப் பழங்குடி மாணவி ஒருத்தி நன்னூல் உரை தேடுகிறாள் எனக் கொள்க. கள்ளக்குறிச்சியில் ஒரு படி இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. அவள் பேருந்தேறி, கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வருகிறாள். அந்தப் படி இரண்டாண்டுகளுக்கு முன்பே வேறு கிளைக்குப் போய்விட்டது. அல்லது எப்போதோ செல்லரித்துத் தள்ளப்பட்டது. நூற்பதிவில் பிழையில்லை, நன்னூல் பவணந்தி முனிவர் இயற்றியதுதான். படிப்பதிவு இணையாததால் ஒரு நாளும் பேருந்துக் கட்டணமும் போயின. அடுத்த முறை அவள் நூலகத்தை நம்ப மாட்டாள். வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாகச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இலேயே வைத்துவிட்டார். மலைமேல் இருப்பவர்க்கு அவ்விதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நிரல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இனிக் காணலாம். கணினி அறிந்த இளையோர் சற்றுப் பொறுத்தருள்க. முதியோர்க்கும் விளங்க வேண்டும். இரண்டு கோப்புகள். முதற்கோப்பில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூல் எண். 101 சூளாமணி, 102 சூடாமணி நிகண்டு, 103 வளையாபதி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் கோப்பில் ஒவ்வொரு படிக்கும் ஒரு படி எண். அதன் பக்கத்திலேயே அது எந்த நூலைச் சேர்ந்தது என்று காட்டும் நூல் எண். நிரல் முதலில் படிக்கோப்பை முழுவதும் வாசித்து, 101 என்றவற்றை ஒரு கூடையிலும் 102 என்றவற்றை இன்னொரு கூடையிலும் பிரித்து வைக்கிறது. பிறகு நூற்கோப்பை ஒவ்வொரு பதிவாக எடுத்து, அந்த எண்ணுள்ள கூடையில் இருக்கும் படிகளையெல்லாம் அதன் அடியில் வரிசையாகச் சேர்க்கிறது. அவ்வளவே. பைத்தான் மொழியில் எழுதினால் நாற்பது, ஐம்பது வரிக்குள் முடியும்.

சேர்த்து வைக்கும் வடிவத்துக்கு மார்க் என்று பெயர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் என்னும் அம்மையார் 1960களில் வகுத்தது. ஆசிரியருக்கு 100, நூற்பெயருக்கு 245 என்று ஒவ்வொரு செய்திக்கும் அதில் எண்ணிட்ட புலம் உண்டு. கோஹா என்னும் நூலக மென்பொருளில் படிவிவரம் 952ஆம் புலத்தில் அமரும். பத்துப் படி இருந்தால் அந்த நூற்பதிவில் 952 பத்து முறை வரும். படி எண், சொந்த நிலையம், இப்போது இருக்கும் நிலையம், அலமாரி, வந்த நாள், சேதக் குறிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதற்குள் தனி உட்புலம் இருக்கிறது. சொந்த நிலையமும் இப்போதைய நிலையமும் தனித்தனியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏடு ஓர் ஊருக்குச் சொந்தமாக இருந்து, படியெடுக்க மற்றோர் ஊரில் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியதால் உரிமைத் தகராறு வந்த கதைகள் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு.

கோஹா நியூசிலாந்தில் ஒரு சிறு நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. விலையின்றிக் கிடைப்பது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். சாத்திர தானத்தை அறமாகக் கொண்டவர்க்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

எண்ணால் இணைக்க வேண்டும் என்று மேலே சொல்லப்பட்டது. பெயரால் இணைத்தால் என்ன ஆகும்? தோலாமொழித்தேவர் இயற்றிய காப்பியம் சூளாமணி. மண்டலபுருடர் இயற்றியது சூடாமணி நிகண்டு. அவர் திருநறுங்கொண்டைக் குணபத்திரரின் மாணவர் என்பர். இரண்டும் சமண நூல்கள். சூடாமணியும் சூளாமணியும் ஒரு பொருள் தரும் சொற்கள். 'ஏறக்குறைய ஒத்த பெயர்களை ஒன்றாக்கு' என்று நிரலுக்குக் கட்டளையிட்டால் காப்பியமும் நிகண்டும் ஒரே கூடையில் விழும். நிகண்டுகளில் சூடாமணி மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது, படிகளும் மிகுதி. அத்தனை படிகளுக்கு நடுவே சூளாமணி ஏடு ஒன்று கலந்துவிட்டால் அதை யாரும் மீண்டும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. மறுபுறம் சிந்தாமணி, சீவகசிந்தாமணி, ஜீவகசிந்தாமணி என்ற மூன்று எழுத்துமுறைகளையும் நிரல் மூன்று நூல்களாக்கும். ஒன்றாக வேண்டியவை பிரியும். பிரிய வேண்டியவை ஒன்றாகும். தமிழ் படித்த ஒருவர் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பட்டியலைப் பார்த்து நூல் எண் இட்டால் தீரும் வேலை இது. நிரலின் தலையில் அதைச் சுமத்துவது நியாயமும் அன்று, சிக்கனமும் அன்று.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளும் இருக்கின்றன. திருநறுங்கொண்டை என்பது தமிழ்க் கணக்கில் எட்டெழுத்து. ஒருங்குறியில் அதற்கு 15 குறிகள். அதிலுள்ள 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் தட்டலாம். ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் தட்டலாம். இரண்டாம் முறையில் 16 குறிகள் ஆகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வேறு சொற்கள். ஒருங்குறிக்கு முந்திய பழைய எழுத்துருக்களில் தட்டி, பின்னர் மாற்றிய கோப்புகளில் இக்கோளாறு அடிக்கடி வரும். ஆகவே எந்த ஒப்பீட்டுக்கும் முன்பு இரு கோப்புகளையும் ஒரே குறிமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான கட்டளை பைத்தானில் ஆயத்தமாகவே இருக்கிறது.

இன்னொரு கோளாறு எக்செல் செய்வது. 00417 என்ற படி எண்ணை அது எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னுள்ள சுழிகளை விழுங்கி 417 என்று ஆக்கிவிடும். ஏட்டுச் சீட்டில் 00417, கணினியில் 417. நிரல் இரண்டையும் சேர்க்காது. அந்த நெடுவரிசையை எழுத்து என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். சிறு செய்திதான், ஆனால் இத்தகைய இணைப்பு முயற்சிகளில் அதிகப் படிகளை அநாதையாக்குவது இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

அத்திமப்பையின் ஆயிரம் படிகளை மார்க் கோப்பில் ஏற்ற முனைந்தால் வேறொரு தடை வரும். அக்கோப்பின் பழைய வடிவமான ஐ.எஸ்.ஓ. 2709 ஒவ்வொரு பதிவின் நீளத்தையும் ஐந்து இலக்கத்தில் எழுதுகிறது. ஆகவே ஒரு பதிவு 99,999 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. இன்று பரவலாக வழங்கும் முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. 'தமிழ்' என்னும் சொல்லுக்கே 15 பைட்டு. ஆயிரம் படிக்கும் ஊர்ப்பெயரும் அலமாரியும் சேதக்குறிப்பும் தமிழில் எழுதினால் வரம்பு உடையும்; நிரல் நின்றுவிடும், அல்லது அதைவிடத் தீமையாக, நீளத்தைத் தவறாக எழுதிவிட்டு மேலே போகும். இதே மார்க்கை எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதினால் அந்த வரம்பு இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தானத்தை 1960களின் பெட்டி கொள்ளவில்லை என்பது கேட்கச் சுவையானதுதான்.

அச்சு நூல்களோடு நின்றிருந்தால் இவ்வளவே. ஏட்டுக்கட்டு வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. அச்சில் ஒரு நூலுக்குப் பல படிகள். கட்டிலோ ஒரு படிக்குள் பல நூல்கள். முதல் நாற்பது ஓலையில் ஒரு தோத்திரம், அடுத்து நிகண்டின் இரண்டு தொகுதி, அப்பால் ஒரு சோதிடக் குறிப்பு, கடைசியில் யாரோ எழுதி வைத்த வீட்டுக் கணக்கு என்று ஒரே கயிற்றில் கோத்திருக்கும். படிப்பதிவில் ஒரே ஒரு நூல் எண்ணுக்குத்தான் இடம் என்று வைத்தால், பெயர் தெரிந்த நூலின் எண் அங்கே ஏறும். மற்றவை கட்டோடு இருந்தும் இல்லாதவை ஆகும். அபூர்வமான நூல்கள் மறைந்திருப்பது பெரும்பாலும் இத்தகைய இரண்டாம், மூன்றாம் இடங்களில்தான். ஆதலால் கட்டுக்கென்று ஒரு பதிவு, அதனுள் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் ஓலை எண்ணோடு கூடிய உட்பதிவு, உட்பதிவிலிருந்து கட்டின் எண்ணுக்கு ஒரு சுட்டு என்று வைக்க வேண்டும். மார்க்கில் 773ஆம் புலம் இதற்காகவே இருக்கிறது. வேலை கூடும், வேறு வழியில்லை. வீட்டுக் கணக்கையும் விட்டுவிடலாகாது. எழுதியவர் காலத்தைக் கணிக்க அதுவே உதவலாம்.

நிரல் ஓடி முடிந்ததும் மூன்று குவியல்கள் கிடைக்கும். இணைந்தவை ஒன்று. படியில்லாத நூற்பதிவுகள் ஒன்று. வளையாபதி அங்கே நிற்கும். நூல் எண் இல்லாத படிகள் ஒன்று. முதலோலை போய்ப் பெயர் தெரியாத கட்டுகள் அங்கே நிற்கும். பலர் முதற்குவியலைக் கண்டு மகிழ்ந்து, மற்ற இரண்டையும் பிழை என்று கருதி அழித்துவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்கு உரியவை அந்த இரண்டுமே. தலைப்பில்லாத கட்டை நடுவோலையிலிருந்து படித்து அடையாளம் காணத் தமிழ் தெரிந்த மனிதர் வேண்டும். படியில்லாத பெயரை எந்த இல்லத்துப் பரணில் தேடுவது என்று அறிய முதியவர்களின் நினைவு வேண்டும். ஆகவே எண்ணிக்கை சரிபார்க்கப்பட வேண்டும்: தொடங்கும்போது இருந்த படிகளின் தொகை, இணைந்த படிகளையும் இணையாத படிகளையும் கூட்டினால் வரும் தொகைக்கு நிகராக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரலைத் திருத்தி, மூலக்கோப்பின் நகலிலிருந்து மீண்டும் ஓட்டுக. மூலக்கோப்பைத் தொடவே கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரே நூலுக்கு இரண்டு நூற்பதிவுகள் இருப்பது தெரியவந்தால் ஒன்றை நீக்க நேரும். அப்போது நீக்கப்படும் எண்ணின் கீழிருந்த படிகள் எங்கே போவது? பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒரு மாற்றுப் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதன் வழியே படிகளை நகர்த்திய பிறகே நீக்க வேண்டும். அந்தப் பட்டியலை வேலை முடிந்தபின்னும் எறிந்துவிடலாகாது. இருபது ஆண்டுக்கு முந்திய ஆய்வேட்டில் பழைய எண்ணைக் கண்டு ஒருவர் தேடி வருவார்.

'நூல் அச்சாகிவிட்டதே, பழைய படி ஒவ்வொன்றையும் எதற்குக் கணக்கெடுப்பது?' என்று கேட்போர் உண்டு. சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த சாமிநாதையர் ஓர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதிப்பிக்கவில்லை. ஊர் ஊராகத் தேடிப் பல ஏடுகளை ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்த பாடம் மற்றொன்றில் முழுமையாக இருந்தது. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் சிந்தாமணி வாசிக்கும் மரபு உயிரோடு இருந்ததும், சந்திரநாத செட்டியார் போன்ற அறிஞர்கள் ஐயம் தெளிவித்ததும் அவருக்குத் துணையாயின. தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு உதவியவர் பெயரையும் ஊரையும் அவர் மறவாமல் எழுதுவார். நன்றியுரை என்று எண்ணி அப்பக்கங்களைத் தாண்டிச் செல்வது வழக்கம். உண்மையில் அவை அக்காலத்துப் படிப்பதிவுகள்.

இன்று கொண்டாடப்படும் சுருத பஞ்சமியின் வரலாறும் ஒரு படியின் வரலாறே. தரசேனரிடம் கேட்ட ஆகமப் பொருளைப் புட்பதந்தரும் பூதபலியும் எழுத்தில் வடித்து நிறைவு செய்த நாள் இது என்பது மரபு. அந்தச் சட்கண்டாகமத்தின் பெயரைத் திகம்பரர் எல்லா நாட்டிலும் அறிந்திருந்தார்கள். அதன் பேருரையாகிய தவளையின் பழைய ஏடுகளோ மூடுபித்ரியில், பழங்கன்னட எழுத்தில், வழிபடும் பொருளாக மட்டும் இருந்தன. அங்கிருந்து படியெடுக்கப்பட்டபின் ஹீராலால் ஜைன் முயற்சியால் முதல் தொகுதி 1939இல் வெளிவந்தது. மொத்தம் 16 தொகுதிகள். மூடுபித்ரியில் ஏடு இருக்கிறது என்ற ஒரு செய்தி பரம்பரையாகக் காக்கப்பட்டிராவிட்டால் வளையாபதிக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்திருக்கும்.

இணைந்த பட்டியலை யார் பார்ப்பது என்பது தனிக் கேள்வி. நூற்பதிவு உலகம் முழுவதற்கும் திறந்திருக்கலாம். படிப்பதிவில் இல்லத்தார் பெயரும் கதவிலக்கமும் இருந்தால் அது திருடர்க்கு வழிகாட்டி ஆகும். இல்லத்துக்கு ஒரு குறியெண் மட்டும் வெளியே தெரியட்டும். பெயரும் முகவரியும் பொதுப்பார்வைக்கு வராத குறிப்புப் புலத்தில் இருக்கட்டும். கோஹாவில் அதற்கும் இடமுண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 75 ஆண்டுக்குக் குறையாத இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளையும் தொல்பொருளாகவே கொள்கிறது. களவுபோன கட்டு வேறோரிடத்தில் அகப்பட்டால், இது எங்கள் ஊர்க் கட்டு என்று நிறுவ வேண்டியிருக்கும். ஓலை எண்ணிக்கை, நீள அகலம், துளைகள், சட்டப்பலகையின் அடையாளம், எந்த ஓலையில் எந்த மூலை ஒடிந்தது என்ற குறிப்பு ஆகியவை படிப்பதிவில் இருந்தால் நிறுவலாம். 'சூடாமணி நிகண்டு, ஒன்று' என்ற வரியால் நிறுவ முடியாது.

இல்லத்தார் செய்ய வேண்டியது சிறிது. கட்டைத் தாமே பிரிக்க வேண்டா. எண்ணை ஓலைமேல் எழுதவும் ஒட்டவும் வேண்டா; பருத்திக் கயிற்றில் கோத்த சீட்டில் எழுதிக் கட்டோடு கட்டினால் போதும். அச்சு நூலாயின் முகப்பின் பின்பக்கம் பென்சிலால் எழுதலாம். அந்த எண் ஊர் மாறினாலும் மாவட்டம் மாறினாலும் சொத்துப் பிரிந்தாலும் மாறக் கூடாது. அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போகும் ஏட்டுக்குப் புதிய எண் கொடுப்பதுதான் இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு. இடத்தை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

இணையாத படிகளின் பட்டியலை அச்சிட்டு விழாப் பந்தலில் வைக்க அறங்காவலர்கள் இசைய வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய குடும்பங்கள் ஊர் திரும்பும் நாள்கள் இவை. பாட்டனார் வீட்டுப் பரணில் இருந்த கட்டில் என்ன நூல் இருந்தது, யார் அதை உரக்கப் படிப்பார், எந்த ஆண்டு எந்த வீட்டுக்குப் போனது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். பட்டியலின் வலப்பக்கம் ஒரு கட்டம் வெறுமையாக விடப்படட்டும். நினைவிலுள்ளதை அதில் எழுதலாம். எழுத முடியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம்.